ஓட்டோ வானா, நான்கு சக்கரமும் இழுக்கும் மனுவல் வானா: எது கூடப் பெற்றோல் குடிக்கும்?

வான் வாங்க நினைப்பவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. "ஓட்டோ கியர் பெற்றோல் குடிக்கும், மனுவலை எடு" என்பார் ஒருவர். "மனுவல் சரிதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கிற வான் அதைவிடக் குடிக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஓட்டோ கியர் வான் ஒன்றும், நான்கு சக்கரமும் இழுக்கும் மனுவல் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் விலைக்கு நிற்கும்போதுதான் சிக்கல். கியர்பெட்டியும் வேறு, இழுக்கும் முறையும் வேறு. எந்த இழப்பு பெரிது என்று ஒரே சொல்லில் கேட்கிறோம். ஒரே சொல்லில் பதிலும் எதிர்பார்க்கிறோம்.

அப்படி ஒரு பதில் கிடையாது என்பதே என் எண்ணம். ஓட்டோ கியர் எரிபொருளை வீணாக்கும் இடம் வேறு, நான்கு சக்கர இழுவை வீணாக்கும் இடம் வேறு. எந்தப் பாதையில், எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்பதைச் சொன்னால்தான் கணக்கு நிற்கும். அந்த இரண்டையும்விடக் கூடுதலாக எரிபொருளைத் தின்பது ஒன்று இருக்கிறது. அது வானின் உருவம்.

இதைப் பார்க்க மிகப் பொருத்தமான வண்டி ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை டிரான்ஸ்போர்ட்டர். 1979 இல் வந்தது. அமெரிக்காவில் வனகன் என்ற பெயரில் விற்றார்கள். எஞ்சின் பின்னால், ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலே, பெட்டி போன்ற உடல். முதலில் காற்றால் குளிரும் எஞ்சின், பிறகு தண்ணீரால் குளிரும் எஞ்சின். எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவுக்குப் போனவற்றில் 2.1 லீற்றர் எஞ்சின், 95 குதிரைவலு. விரும்பியவர்களுக்கு மூன்று கியர் கொண்ட ஓட்டோ கிடைத்தது. 1985 இல் சின்க்ரோ என்ற பெயரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வந்தது. அதை உருவாக்கித் தயாரித்தது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஸ்டேயர்-டைம்லர்-புக் நிறுவனம். சின்க்ரோ மனுவலில் மட்டுமே வந்தது: வழக்கமான நான்கு கியர், அதோடு செங்குத்தான இடங்களுக்கு மிகத் தாழ்ந்த ஒரு கியர். ஓட்டோ சின்க்ரோவைத் தொழிற்சாலை விற்கவே இல்லை.

ஆகவே அன்று கடைக்குப் போனவர் முன்னால் இருந்தது நம்முடைய இதே கேள்விதான். உடல் ஒன்று, எஞ்சின் ஒன்று. ஓட்டோ வேண்டுமா, நான்கு சக்கரம் வேண்டுமா? ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். வேறெந்த இரண்டு வான்களை ஒப்பிட்டாலும் எஞ்சின் வேறு, உடல் வேறு என்று குழப்பம் வரும். இங்கே அது இல்லை. இன்றும் இந்த வான்களை வைத்திருப்பவர்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் லீற்றருக்கு 7 முதல் 8.5 கிலோமீற்றருக்குள் விழும். ஓட்டோக்காரர்களின் கணக்கும் சின்க்ரோக்காரர்களின் கணக்கும் இந்த இடைவெளிக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் தெளிவாக வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஏன் இப்படி?

முதலில் ஓட்டோவைப் பார்ப்போம். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கிளச் இல்லை; எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை இருக்கிறது. டோர்க் கன்வேர்டர் என்பது அதன் பெயர். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றது சுழலும் அல்லவா, அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. எஞ்சின் பக்கம் சுழலும் வேகத்துக்கு மறுபக்கம் ஒருபோதும் முழுதாக வந்து சேராது. அந்த வித்தியாசத்தால் எண்ணெய் சூடாகி ஆற்றல் வீணாகிறது. நேர்ப்பாதையில் சீராக ஓடும்போது வித்தியாசம் நூற்றுக்கு நான்கைந்து அளவில் இருக்கலாம். நின்று புறப்படும்போதும், ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும்போதும் அது பல மடங்காகும். பின்னாளில் வந்த ஓட்டோக்களில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இரண்டு பக்கத்தையும் இறுகப் பூட்டிவிடும் கிளச் ஒன்று உள்ளேயே இருக்கும். வனகனின் மூன்று கியர் ஓட்டோவில் அது இல்லை. 100 கிலோமீற்றர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடினாலும் வழுக்கல் தொடரும்.

இதோடு இன்னும் இரண்டு சேரும். கியரை மாற்றுவதற்கான எண்ணெய் அழுத்தத்தைக் கொடுக்கும் பம்பை எஞ்சின் எந்நேரமும் சுழற்றவேண்டும். மூன்று கியர் மட்டும் என்பதால் கியர்களுக்கு நடுவே இடைவெளியும் பெரிது. மலைப்பாதையில் மூன்றாவதில் இழுக்க முடியாத இடத்தில் பெட்டி இரண்டாவதுக்கு இறங்கும். எஞ்சின் திடீரென்று உச்சச் சுழற்சிக்கு ஏறி அலறும். நான்கு கியர் மனுவலில் ஓட்டுநர் அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒரு கியரைத் தேடிப் போடலாம். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது ஓட்டோவை டி-யிலேயே வைத்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும் அத்தனை நேரமும் எஞ்சின் அந்த எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். நெரிசல் நகரத்தில் பழைய ஓட்டோவுக்குக் கெட்ட பெயர் வந்த காரணம் பெரும்பாலும் இதுதான்.

சின்க்ரோவின் இழப்பு வேறு மாதிரி. கியர்பெட்டியிலிருந்து வண்டியின் அடியால் முன்பக்கம் வரை ஒரு நீண்ட தண்டு போகிறது. முன்னால் ஒரு டிஃபரென்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டே இரண்டு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி), அதோடு விஸ்கஸ் கப்ளிங் என்ற பகுதி. அடர்ந்த சிலிக்கோன் திரவத்துக்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் உருளும் வரை அது கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் தட்டுகளுக்கு இடையே வேக வித்தியாசம் வந்து, திரவம் இறுகி, முன்சக்கரத்துக்கு விசை போகும். ஓட்டுநர் எதையும் அழுத்தத் தேவையில்லை. மிக அழகான ஏற்பாடு. ஆனால் காய்ந்த தார்ப்பாதையில், விசை எதுவும் முன்னால் போகாத நேரத்திலும், தண்டும் பற்சக்கரங்களும் எண்ணெய்க்குள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். இவை எல்லாவற்றோடும் எடை ஏறத்தாழ 150 கிலோ கூடுகிறது. வண்டி சற்று உயரமாகவும் நிற்கிறது. அடியால் போகும் காற்றுக்கு அது தடை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வானின் காற்றுத்தடை எண் (உருவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.44, முகப்புப் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றரில் காற்றைக் கிழிக்க மட்டும் 23 குதிரைவலு போகிறது. 1,800 கிலோ எடையோடு டயர்களை உருட்ட இன்னொரு 8. மொத்தம் 31 என்று வைத்துக்கொள்வோம். சின்க்ரோவின் கூடுதல் 150 கிலோ இந்த வேகத்தில் டயர் உருளலில் கூட்டுவது ஒரு குதிரைவலுவுக்கும் குறைவு. சுழலும் பாகங்களுக்கு இன்னொன்றோ ஒன்றரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டோவின் வழுக்கல் நூற்றுக்கு ஐந்து என்றால் ஒன்றரைக் குதிரைவலு, பம்போடு இரண்டு. அதாவது நெடுஞ்சாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் தின்கின்றன. மேல் கியரில் இரண்டின் மொத்த கியர் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் எஞ்சின் சுழற்சியிலும் பெரிய வேறுபாடு வராது. வான்காரர்களின் கணக்குகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அதே கணக்கில் அந்த 23 என்ற எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கியர்பெட்டி பற்றி மணிக்கணக்காக வாதிடுகிறோம். காற்று எடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வாதத்தில் இல்லை. ஒரு கிலோமீற்றரைக் கடக்கக் காற்றுக்குக் கொடுக்கவேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 110 இல் ஓடுபவர் 95 க்கு இறங்கினால் காற்றுக்குப் போவதில் கால்பங்கு மிச்சம். ஓட்டோவை விற்று மனுவல் வாங்கினாலும், முன்தண்டைக் கழற்றி எறிந்தாலும் அந்த அளவு மிச்சம் வராது. (சின்க்ரோ வைத்திருக்கும் சிலர் உண்மையிலேயே கோடைக்காலத்தில் அந்தத் தண்டைக் கழற்றி வைப்பதுண்டு. சக்கரங்கள் முன் டிஃபரென்ஷியலை எப்படியும் சுழற்றும் என்பதால் பலன் சிறிதுதான்.) கூரையில் சாமான் கட்டுபவர்களும் கூடாரம் பூட்டுபவர்களும் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும்.

மலையேறும்போதுதான் எடை தன் முகத்தைக் காட்டும். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் ஏற்றத்தில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போனால் காற்றுத்தடை பின்னுக்குப் போய்விடும். வண்டியைத் தூக்குவதற்கே பெரும்பகுதி விசை வேண்டும். அப்போது அந்த 150 கிலோ, தேவையான விசையை நூற்றுக்கு ஏழு அளவில் கூட்டிவிடும். ஆனால் அதே ஏற்றத்தில்தான் பூட்டில்லாத ஓட்டோவும் மோசமாக வழுக்குகிறது. நின்று நின்று போகும் நகரத்திலும் இதே கதை: ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கூடுதல் எடையை மீண்டும் ஓடவைக்கவேண்டும், பிரேக்கில் அது வீணாகும், ஓட்டோவோ ஒவ்வொரு புறப்பாட்டிலும் எண்ணெயைச் சூடாக்கும். நகரத்தில் ஓட்டோ சற்றுத் தோற்கும், சீரான வேகத்தில் நெடுந்தூரம் போனால் இரண்டும் சமம், கரடுமுரடான ஏற்றத்தில் ஓட்டுநரின் கைப்பழக்கம் தீர்மானிக்கும். இதற்குமேல் உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் அமெரிக்காவில் புதிய வண்டிகளில், எவ்வளவு ஓடும் என்று சொல்லி ஒட்டப்படும் எரிபொருள் அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்று கேட்கலாம். அந்த அட்டை எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை நம்பலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தித்தான் ஓட்டிப் பார்க்கும். அந்தக் காலத்து விதிப்படி நான்கு சக்கர வண்டிகளை இரண்டு சக்கர நிலையில் வைத்தே சோதித்தார்கள்; எப்போதும் நான்கும் இழுக்கும் வகையாக இருந்தால் ஒரு சோடிச் சக்கரத்துக்குப் போகும் இழுவையைத் தற்காலிகமாகத் துண்டித்துவிடுவார்கள். முன் தண்டும் டிஃபரென்ஷியலும் சாலையில் எடுக்கும் இழப்பு அந்த எண்ணுக்குள் முழுதாக வந்திருக்க வழியில்லை. நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகமோ மணிக்கு 78 கிலோமீற்றர்தான், உச்சம் 96 அல்லது 97. உண்மையான நெடுஞ்சாலையில் 110 இல் ஓடும் பெட்டி வானுக்கு, அந்தச் சோதனையைவிட ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு மடங்கு காற்றுத்தடை இருக்கும். 2008 மாதிரி ஆண்டிலிருந்து வேகமான ஓட்டம், ஏ.சி., குளிர்கால ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்து முறையை மாற்றினார்கள். பழைய வண்டிகளின் எண்களையும் அதற்கேற்பக் குறைத்து வெளியிட்டார்கள். ஆகவே எண்பதுகளின் அட்டையில் இருந்த எண்ணை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடவே கூடாது.

சொந்தமாகக் கணக்குப் பார்ப்பவர்களும் ஓரிடத்தில் தவறுவார்கள். நான்கு சக்கர வான் வாங்கியவர்களில் பலர் பெரிய டயர் போட்டுக்கொள்வார்கள். டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து கூடினால், வண்டி 105 கிலோமீற்றர் ஓடியிருக்கும்போது மீற்றர் 100 என்றுதான் காட்டும். பெற்றோல் செட்டில் போட்ட லீற்றரால் வகுத்தால் உண்மையைவிட ஐந்து வீதம் குறைந்த எண் வரும். "நான்கு சக்கரம் இப்படிக் குடிக்கிறதே" என்று கவலைப்படுபவரின் பிரச்சினை சில வேளை மீற்றரில்தான் இருக்கும். இதற்கு நேர்மாறானதும் உண்டு: சின்க்ரோவின் பெற்றோல் தாங்கி 70 லீற்றர், சாதாரண வனகனுக்கு 60. ஒருமுறை நிரப்பினால் கூடத்தூரம் ஓடுகிறது என்பதை வைத்துச் சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது.

பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமுமே மாறிவிட்டன. எட்டு, ஒன்பது கியர் கொண்ட ஓட்டோக்கள் வந்தன. டோர்க் கன்வேர்டர் தாழ்ந்த கியரிலேயே பூட்டிக்கொள்ளும். ஃபோக்ஸ்வாகனே தன் வான்களில் கன்வேர்டரை விட்டுவிட்டு இரட்டைக் கிளச் பெட்டிக்குப் போனது. சுசுகி 2015 இல் வெளியிட்ட எவ்ரி வானில், சாதாரண மனுவல் பெட்டியின் கிளச்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் ஓர் ஏற்பாட்டைப் பொருத்தியது; ஓட்டுபவருக்கு ஓட்டோ, உள்ளே வழுக்கும் எண்ணெய் கிடையாது. ஆகவே "ஓட்டோ என்றால் கூடக் குடிக்கும்" என்பது பழைய மூன்று, நான்கு கியர் பெட்டிகளுக்குப் பொருந்தும் விதி. புதிய வண்டிக்கு அதைச் சொல்வது அநியாயம்.

நான்கு சக்கர இழுவையின் விலையோ அவ்வளவு எளிதில் குறையவில்லை. கிரைஸ்லர் பசிஃபிகாவின் 2021 மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர வகைக்கும் நான்கு சக்கர வகைக்கும் ஒரே 3.6 லீற்றர் எஞ்சின், ஒரே ஒன்பது கியர் ஓட்டோ. அமெரிக்கச் சோதனையின் கூட்டுச் சராசரி முன்னதற்கு கலனுக்கு 22 மைல், பின்னதற்கு 20. நம் கணக்கில் லீற்றருக்கு 9.4 கிலோமீற்றரும் 8.5 கிலோமீற்றரும். கியர்பெட்டி ஒன்றாக இருப்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் நான்கு சக்கர இழுவையுடையதே. கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அதே 2021 இல் டொயோட்டா சியன்னாவை முழுக்க ஹைபிரிட் ஆக்கி விட்டது. அதில் முன்சக்கர வகைக்கு 36 மைல், நான்கு சக்கர வகைக்கு 35. இழப்பு ஏன் இவ்வளவு சுருங்கியது என்றால், பின்சக்கரத்துக்குத் தண்டே போகவில்லை. பின்னால் தனியாக ஒரு மின்மோட்டார் இருக்கிறது, வேண்டியபோது தள்ளும். வனகனின் வாரிசாக வந்த மின் வான் ஐ.டி. பஸ் (ID. Buzz) அமெரிக்காவில் ஒரு முழு மின்னேற்றத்துக்குப் பின்சக்கர வகையில் 234 மைலும், நான்கு சக்கர வகையில் 231 மைலும் ஓடும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மூன்று மைல் வித்தியாசத்துக்கு யாரும் நான்கு சக்கரத்தை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இலங்கையில் வான் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்தப் புதிய உலகத்தில் இல்லை. நம் வீதிகளில் ஓடுபவை ஜப்பானிலிருந்து பழையதாக வந்தவை: ஹையேஸ், டவுனேஸ், டெலிகா, எவ்ரி, ஹைஜெட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கும் வரை இருந்தவற்றையே மாற்றி மாற்றி வாங்கினோம். 2022 இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த வான்களில் நான்கு சக்கர வகைகள் கணிசமாக இருப்பதற்குக் காரணம் ஜப்பானின் பனி. ஹொக்கைடோவிலும் வடக்கு ஹொன்ஷூவிலும் குளிர்காலத்தில் அது இல்லாமல் சரக்கு ஏற்றி ஓடுவது கடினம். மிட்சுபிஷி 1982 இலேயே டெலிகாவுக்கு அதைக் கொடுத்துவிட்டது. நமக்குப் பனி இல்லை; ஆனால் மழைக்காலத்துத் தோட்டப் பாதையும் சேறும் இருக்கின்றன. வாரம் முழுவதும் அப்படிப்பட்ட பாதையில் பால் ஏற்றுபவருக்கும் மரக்கறி ஏற்றுபவருக்கும் நான்கு சக்கரம் தன் பெற்றோலுக்குரிய வேலையைச் செய்கிறது. கொழும்பில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் வானுக்கு அது சுமை மட்டுமே.

660 சீசீ எஞ்சின் உள்ள சிறிய வான்களில் இந்தச் சுமை இன்னும் அதிகமாக உறைக்கும். வண்டியே 900 கிலோ சுற்றுவட்டத்தில் இருக்கும்போது ஐம்பது கிலோ கூடினால், அது சிறிய எஞ்சினுக்கு வலிக்கும். பழைய மூன்று கியர் ஓட்டோவும் நான்கு சக்கரமும் ஒரே சின்ன வானில் சேர்ந்திருந்தால் இரண்டு இழப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எரிபொருளை மட்டும் பார்த்தால் நான் தவிர்க்கச் சொல்வது அந்தச் சேர்க்கையைத்தான். மனுவலும் நான்கு சக்கரமும் சேர்ந்திருந்தால் முதலில் பார்க்கவேண்டியது நான்கு சக்கர இழுவையை நிறுத்திவைக்கப் பொத்தானோ நெம்புகோலோ இருக்கிறதா என்பது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரென்ஷியலோ விஸ்கஸ் கப்ளிங்கோ இல்லாத வகையைக் காய்ந்த தாரில் நான்கு சக்கரத்தில் ஓட்டக் கூடாது: வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் போகவேண்டியிருப்பதால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பெற்றோலோடு டயரும் போகும், பற்சக்கரமும் தேயும். விஸ்கஸ் கப்ளிங் உள்ள வகையாக இருந்தால் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால் அந்தத் திரவம் ஒரு நொடியும் ஓயாமல் கடையப்பட்டுச் சூடாகும். கடைசியில் கப்ளிங் இறுகியே போய்விடும். இறுகிய கப்ளிங்கோடு ஓடும் வான் குடிக்கும் பெற்றோலை வைத்து அந்த ரகத்தையே குறைசொல்பவர்கள் உண்டு.

வாங்கிய பிறகு உங்கள் வானின் உண்மைக் கணக்கைத் தெரிந்துகொள்ள, ஒரே செட்டில் ஒரே பம்பில் பீச்சு தானாக நிற்கும் வரை நிரப்பி, கால்வாசிக்குக் குறையும் வரை ஓடி, மீண்டும் அங்கேயே அதே மாதிரி நிரப்புங்கள். டயர் அளவு மாறியிருந்தால் கிலோமீற்றரைத் திருத்திக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். அதற்குப் போதும். ஒரே தாங்கியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் நான்கைந்து தாங்கிகளைக் கூட்டி வகுத்தால், நகரமும் மலையும் வெறும் வண்டியும் சுமை வண்டியுமாகச் சேர்ந்து ஒரு நியாயமான எண் வரும். அந்த எண்ணோடு டயர் காற்றழுத்தத்தையும் ஓடிய வேகத்தையும் குறித்து வைத்தால், அடுத்து அது குறையும்போது எங்கே பார்க்கவேண்டும் என்று உங்கள் மெக்கானிக்குக்கு நீங்களே சொல்லலாம்.